ஜொப்புக்குப் பக்கத்தில் நிற்கும் சின்னச் சொல்

கடன் கேட்டு ஒருவர் கடைக்கு வந்தால் நாம் வழமையாகப் பார்ப்பது மூன்று விடயங்கள். ஆள் எப்படிப்பட்டவர், பழைய கொப்பிக் கணக்கு எப்படி இருக்கிறது, திருப்பித் தர அவருக்கு என்ன வழி. இவை சரியென்றால் பிஸ்மி சொல்லி லாச்சியைத் திறப்போம். இரண்டு வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒரு கடனில் நாலாவதாக ஒன்றையும் பார்க்க வேண்டி வந்தது. அது ஆங்கிலத்தில் இரண்டே எழுத்துள்ள ஒரு சொல். அதைப் பற்றித்தான் இவ்வாரம் எழுதுகிறேன். ஆங்கிலப் பாடம் நடத்துகிறேன் என்று யாரும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பாடசாலைப் படிப்போடு நின்றவன் நான். இது கொடுக்கல் வாங்கல் சம்பந்தமான விடயம்.

எனது கடை தலவிலயில், புனித அன்னம்மாள் ஆலயத்துக்குப் போகும் பாதையில் இருக்கிறது. ஓகஸ்ட் திருவிழாக் காலத்தில் யாத்திரிகர்களை நம்பியும், மற்ற நாட்களில் கடலை நம்பியும் நடக்கிற கடை. கயிறு, வலை நூல், எண்ணெய், அரிசி, சீனி எல்லாம் இருக்கும். கடன் கேட்டு வந்தவர் ஒரு கத்தோலிக்க மீனவர். பதினைந்து வருடக் கணக்கு. கடல் கடுமையான மாதங்களில் கொப்பியில் ஏறும், கடல் தணிந்ததும் இறங்கும். ஒருநாளும் சொல் பிசகியதில்லை.

"நானா, மகனுக்கு சவூதியில ஜொப் ஒன்டு சரிவந்திருக்கு. கம்பனி ட்ரைவர். ஏஜென்ட்டுக்குக் குடுக்க மூன்டு இலட்சம் குறையுது. போட் எஞ்சினை வேணுமெண்டா எழுதித் தாறன்."

மகனும் கூட வந்திருந்தான். கையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு கடிதம். அவன் அதை நீட்டிய விதத்தில் என்னை நானே கண்டேன்.

1994ஆம் வருடம் இருபத்து நான்கு வயதில் இதே மாதிரி ஒரு பிளாஸ்டிக் உறையோடு நான் ஜித்தா போனேன். எனது கடிதத்தில் ஒரு பெரிய சுப்பர்மார்க்கட்டின் பெயர் போட்டு, அங்கே 'ஜொப் அட்' என்று இருந்தது. ஊரில் எல்லோரும் சுப்பர்மார்க்கட்டில் வேலை என்றார்கள். நானும் அப்படித்தான் விளங்கிக்கொண்டேன். போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, என்னைக் கூப்பிட்டது ஒரு துப்புரவுக் கம்பனி. அந்தக் கம்பனி எங்களைச் சுப்பர்மார்க்கட்டுக்கு வாடகைக்கு விட்டிருந்தது. பொய் எங்கே? வேலை அந்த இடத்தில்தான். காலை முதல் இரவு வரை அந்தக் கூரையின் கீழ்தான் நின்றேன். ஆனால் ஐந்து மாதச் சம்பளம் வராமல் முகாமையாளரிடம் போய் நின்றபோது, "நீ எங்கள் ஆள் இல்லை" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார்.

அங்கே கணக்கு எழுதிய ஒரு கேரளத்துச் சகோதரர் எனது கடிதத்தை வாங்கிப் பார்த்தார். 'அட்' என்ற சொல்லின் கீழே பேனையால் ஒரு கோடு போட்டார். "இது நீ நிற்கும் இடம். உனக்குச் சம்பளம் தருகிறவனைச் சொல்ல 'வித்' என்று வேறு சொல் இருக்கிறது. அது உன் கடிதத்தில் இல்லை" என்றார். அந்தச் சம்பளத்தில் இரண்டு மாதம் கிடைத்தது. மூன்று மாதம் இன்னும் வரவில்லை. மறுமையில் கேட்டுக்கொள்வோம் என்று விட்டுவிட்டேன்.

ஊருக்கு வந்தபின் இதுபற்றி ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவரிடம் கேட்டேன். அவர் நியாயமாகச் சொன்னார். ஆங்கிலேயர் பேச்சில் 'ஜொப் அட்' என்று ஒரு வங்கியைச் சொன்னால் பெரும்பாலும் அந்த வங்கிதான் சம்பளம் கொடுக்கும். நல்ல எண்ணத்தோடு எழுதுகிறவன் அப்படித்தான் எழுதுவான். ஆனால் 'அட்' அதற்குப் பொறுப்பு நிற்காது. 'வித்' அல்லது 'ஃபோர்' என்று எழுதினால் வேலை கொடுக்கிறவன் யார் என்று கட்டிவிடும். நல்லவன் எழுதினால் இரண்டும் ஒன்று, கெட்டவன் எழுதினால் இரண்டும் வேறு.

எமக்கு இது ஏன் கண்ணில் படுவதில்லை என்றால், தமிழில் இவை எல்லாவற்றுக்கும் ஒரே ஓர் 'இல்' போதும். கொழும்பில் வேலை, வங்கியில் வேலை, ஹோட்டலில் வேலை, கம்பனியில் வேலை. ஊரும் 'இல்', கட்டடமும் 'இல்', முதலாளியும் 'இல்'. 'இல்' போட்டுக் கேட்டே வளர்ந்த காதுக்கு 'அட்'டும் 'வித்'தும் ஒரே சத்தமாகத்தான் கேட்கும்.

எமது பகுதியில் இதற்கு நல்ல உதாரணம் நுரைச்சோலை. அனல் மின் நிலையத்தின் முதல் இயந்திரம் 2011இல் ஓடத் தொடங்கியது, மற்ற இரண்டும் 2014இல் சேர்ந்தன. மொத்தம் 900 மெகாவாற். கட்டியது சீனக் கம்பனி, அப்போது உரிமை மின்சார சபைக்கு. இடையில் நிலக்கரி ஏற்ற ஒருவர், சாம்பல் அள்ள ஒருவர், காவலுக்கு ஒருவர் என்று எத்தனையோ ஒப்பந்தக்காரர்கள். அந்நாட்களில் கல்யாணப் பேச்சுகளில் "மாப்பிள்ளைக்கு நுரைச்சோலைல ஜொப்" என்று ஒரு வசனம் அடிபட்டது. பெண் வீட்டார் அதை மின்சார சபை உத்தியோகம் என்று கேட்டார்கள், ஓய்வு வரைக்கும் நிரந்தரம் என்று கேட்டார்கள். அவர்களில் ஒருவர் எனக்கு உறவு. நிக்காஹ் முடிந்து எட்டு மாதத்தில் ஒப்பந்தக்காரரின் காலம் முடிந்தது, மாப்பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் பொய் சொன்னார்களா என்று ஒரு பஞ்சாயத்தே நடந்தது. ஒருவரும் பொய் சொல்லவில்லை. எல்லாப் பிழையையும் அந்த 'ல'வில் போட வேண்டியதுதான். அல்ஹம்துலில்லாஹ், அந்தப் பிள்ளைகள் இன்று சொந்தமாகப் பல்சரக்குக் கடை வைத்து நன்றாக இருக்கிறார்கள்.

ஜொப் என்ற சொல்லே ஆங்கிலத்தில் ஆரம்பத்தில் பெரிய மரியாதையான சொல் அல்ல. சாமுவேல் ஜோன்சன் 1755இல் வெளியிட்ட அகராதியில் அது அற்ப வேலை, கிடைத்தால் செய்கிற சில்லறை வேலை என்ற கருத்தில்தான் பதிவாகியிருக்கிறது. அந்தப் பழைய கருத்து வியாபாரிகளான எம்மிடம் இன்னும் இருக்கிறது. அச்சகத்தில் நோட்டீஸ் அடிப்பது ஜொப் வேலை. வாகனம் திருத்தும் கராஜில் ஜொப் கார்ட். புறக்கோட்டையில் மிச்சம் மீதித் துணியை மொத்தமாகத் தள்ளினால் அது ஜொப் லொட். 'கொந்தராத்து' என்ற சொல்லை நாம் எதற்குப் பாவிக்கிறோமோ, ஆங்கிலேயன் அதற்கு 'பை த ஜொப்' என்பான், அதாவது நாட்கூலி அல்ல, வேலைக்கு இவ்வளவு என்று பேசுவது. மாதச் சம்பள உத்தியோகம் என்ற கருத்து பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. இன்னொரு வேடிக்கை, அய்யூப் நபி (அலை) அவர்களை ஆங்கிலத்தில் எழுதுவதும் இதே மூன்று எழுத்துத்தான், வாசிக்கும்போதுதான் 'ஜோப்' என்று நீட்ட வேண்டும். கத்தோலிக்கச் சகோதரர்கள் யோபு என்பார்கள். பொறுமைக்குப் பெயர் போனவர் பெயரும் வெளிநாட்டு வேலையும் ஒரே எழுத்தில் இருப்பதைச் சொன்னபோது அந்த மீனவர் சிரித்துவிட்டார்.

சொல்லுக்குப் பின்னால் வரும் பெயர்ச்சொற்களும் ஆட்களை ஏமாற்றும். 'ஜொப் ஓர்டர் வந்திட்டு' என்றதும் வீட்டில் கிரிபத் சமைத்துவிடுகிறார்கள். கருவாட்டுச் சாக்கு என்றால் அது சாக்கு, கருவாடு உள்ளே இருக்கலாம் இல்லாமலும் இருக்கலாம். அதேபோல ஜொப் ஓர்டர் என்றால் ஓர்டர், இத்தனை பேர் வேண்டும் என்று வெளிநாட்டுக் கம்பனி ஏஜென்சிக்குக் கொடுக்கும் கேள்விப்பத்திரம். அதில் உங்கள் மகனின் பெயர் இல்லை. ஜொப் ஒஃபர் என்றால் ஒஃபர். கடைசியில் நிற்கும் சொல்தான் சரக்கு, முன்னால் உள்ளது லேபல்.

'இன்' என்ற சொல் நாட்டையும் துறையையும் காட்டும். அது எவ்வளவு ஆபத்தாக முடியும் என்பதை 2023இலும் 2024இலும் பார்த்தோம். தாய்லாந்தில் கணினி வேலை என்று கூட்டிப்போகப்பட்ட இலங்கைப் பிள்ளைகள் எல்லையைக் கடத்தி மியன்மாரின் மியாவாடிப் பகுதியில் இணைய மோசடி முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். 'அஸ்' என்ற சொல் என்ன வேலை என்பதைச் சொல்லும். அதே காலத்தில் உதவியாளர் வேலை என்று ரஷ்யாவுக்குப் போன முன்னாள் படையினர் யுத்த முனையில் கொண்டுபோய் விடப்பட்டார்கள். இந்தப் பெரிய அநியாயங்களில் சொல்லை நுணுக்கமாக வாசித்திருந்தால் தப்பியிருக்கலாம் என்று நான் சொல்ல வரவில்லை. அவை பச்சைப் பொய்கள். நான் பேசுவது பொய்யே சொல்லாமல் செய்யப்படும் வேலையைப் பற்றி.

அந்தப் பையனின் கடிதத்துக்கு வருகிறேன். ஆங்கிலக் கடிதத்தில் சாரதி வேலை, பிறகு 'அட்', பிறகு ஒரு வர்த்தகக் கம்பனியின் பெயர். சம்பளமும் இருந்தது. அதன் பின்னால் விசாப் பிரதி ஒன்று அரபியில். மத்ரஸாவில் ஓதிய அரபு எழுத்தும், ஜித்தாவில் கழித்த வருடங்களும் அன்று கைகொடுத்தன. தொழில் என்ற இடத்தில் 'ஸாயிக் காஸ்' என்று இருந்தது. தனிப்பட்ட சாரதி. ஊர்ப் பேச்சில் ஹவுஸ் ட்ரைவர். அழைப்பவர் என்ற இடத்தில் கம்பனி இல்லை, ஒரு மனிதரின் பெயர்.

அந்த மனிதர் அந்தக் கம்பனியின் முதலாளியாகக்கூட இருக்கலாம். பையன் அந்தக் கம்பனி வாசலில் நின்று அந்தக் கம்பனி வாகனத்தையே ஓட்டவும் கூடும். அப்படியென்றால் 'அட்' என்று எழுதியது சரிதான். ஆனால் சவூதியின் தொழிற் சட்டம் வீட்டுப் பணியாளரை உள்ளே எடுப்பதில்லை, வீட்டுச் சாரதியும் அந்தக் கணக்கில்தான். அவர்களுக்கு 2013இல் வேறு விதிமுறை கொண்டுவரப்பட்டது. 2021 மார்ச்சில் முதலாளியின் சம்மதமில்லாமலே வேறு கம்பனிக்கு மாறலாம் என்று பெரிய மாற்றம் வந்தபோதும் வீட்டுச் சாரதிகள் அதில் சேர்க்கப்படவில்லை. குவைத்தில் இது இன்னும் வெளிப்படை. கம்பனி ஆளுக்கு 18 விசா, வீட்டு ஆளுக்கு 20 விசா என்று இலக்கத்திலேயே பிரித்திருக்கிறார்கள். போய் வந்தவர்களைக் கேட்டால் இலக்கத்தைத்தான் முதலில் சொல்வார்கள்.

நான் பையனிடம் சொன்னேன், "மகன், நீ போய் ஏஜென்ட்டிடம் ஒரே ஒரு கேள்வி கேள். ஜொப் எந்த இடத்தில் என்று கேட்காதே. யாரோடு என்று கேள். 'வித்' போட்டு ஒரு வரி எழுதித் தரச் சொல்."

அவன் அடுத்த நாள் வந்தான். "அங்கிள், அவர் ரெண்டும் ஒன்டுதானாம். போக விருப்பமில்லாட்டி வேற ஆள் நிக்கிறாங்களாம்."

நான் கடன் கொடுக்கவில்லை. சொல்வதற்கு இலகுவாக இருக்கிறது. அந்த மீனவர் ஒன்றரை மாதம் எனது கடைப் பக்கம் வரவில்லை. சாமான்களைப் பாலாவியில் வாங்கியதாகக் கேள்விப்பட்டேன். பதினைந்து வருட வாடிக்கையை இரண்டு எழுத்துக்காக இழந்துவிட்டேனே என்று எனக்கும் நித்திரை இல்லை. எனது மனைவி ஒருநாள், "ஒங்களுக்கு நடந்தது எல்லாருக்கும் நடக்குமா?" என்று கேட்டா. அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

இந்த இடத்தில் எமது பக்கத்துக் குறையையும் சொல்லிவிட வேண்டும். நாமும் இந்தச் சொற்களை எழுதிக் கொடுக்கிறவர்கள்தானே. கடைப் பிள்ளைகள் விசாவுக்கு சேவைக் கடிதம் கேட்டு வருவார்கள். ஒருமுறை எனக்குப் பொருள் விநியோகம் செய்த வாகனத்தில் வந்து இறக்கி ஏற்றிய ஒரு பையனுக்கு, பாவம் என்று, மூன்று வருடம் எனது கடையோடு வேலை என 'வித்' போட்டே எழுதிக் கொடுத்தேன். அந்தக் கடிதத்தைப் பார்த்த அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. பையனின் ஊழியர் சேமலாப நிதி இலக்கம் என்ன என்று கேட்டார்கள். எனக்கு வியர்த்துவிட்டது. 'வித்' என்று எழுதினால் நான் முதலாளி. 1958ஆம் வருடச் சட்டப்படி ஊழியரின் 8 வீதத்தோடு எனது 12 வீதத்தையும் சேர்த்துக் கட்டியிருக்க வேண்டும், நம்பிக்கை நிதிக்கு இன்னொரு 3 வீதம். இரக்கத்தில் எழுதிய ஒரு சொல்லுக்கு இவ்வளவு பாரம் இருக்கிறது என்று எனக்கு அன்று வரை தெரியாது. ஜித்தாவில் என்னை அழைத்தவர்கள் ஏன் அந்தச் சொல்லைத் தவிர்த்தார்கள் என்பதும் அன்றுதான் முழுதாக விளங்கியது.

அல்பகறா அத்தியாயத்தின் 282ஆவது வசனம் கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொல்கிறது என்பதை ஜும்ஆ மேடையில் கேட்காதவர் இல்லை. எழுதிய பிறகு அதை வாசிக்கவும் வேண்டுமே. ஐக்கிய அரபு இராச்சியத்தில் 2016 தொடக்கத்திலிருந்து வேலை ஒஃபரை அரபு, ஆங்கிலம் ஆகியவற்றோடு தொழிலாளிக்கு விளங்கும் மொழியிலும் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த மொழிகளில் தமிழும் ஒன்று. நல்ல ஏற்பாடு. ஆனால் தமிழில் வந்தால் அந்தப் பழைய 'இல்' திரும்பவும் வந்துவிடுமே! அதனால் யாராவது தமிழ்ப் பத்திரம் கொண்டுவந்தால் 'நிறுவனத்தில்' என்ற வசனத்தை நான் பார்ப்பதில்லை. 'தொழில் வழங்குநர்' என்ற கட்டத்தில் யாருடைய பெயர் இருக்கிறது என்று பார்க்கிறேன். ஏஜென்சிக்கு அனுமதிப்பத்திரம் உண்டா என்பதை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு எடுத்தே கேட்கலாம். பணியகம் 1985ஆம் வருடச் சட்டத்தால் வந்தது. எனது காலத்திலும் இருந்தது. கேட்க வேண்டும் என்ற புத்திதான் எனக்கு இருக்கவில்லை.

ஏழு மாதம் கழித்து அந்தப் பையன் இன்னொரு கடிதத்தோடு வந்தான். இம்முறை தகப்பன் வரவில்லை, வெளியே மோட்டார் சைக்கிளில் இருந்தார். ஏஜென்சி வேறு. தொழில் பாரவூர்திச் சாரதி. அழைப்பவர் ஒரு கம்பனி, 'வித்' என்ற சொல்லுக்குப் பின்னால் அதே பெயர். சவூதியில் கம்பனி ஒப்பந்தங்களைப் பதியும் கிவா என்ற தளத்தில் ஒப்பந்தம் பதியப்படும் என்றும் எழுதியிருந்தது. வீட்டுப் பணியாளருக்கு முஸானித் என்று வேறு தளம். பையன் இதையெல்லாம் எனக்கு முன்பே தேடிப் படித்திருந்தான்.

கடைசிப் பக்கத்தில் ஒரு வரியை நான் காட்டினேன். முதலாளி தேவைப்படும்போது ஒப்படைக்கும் வேறு ஜொப்பும் செய்ய வேண்டும் என்று இருந்தது. 'எனி அதர் ஜொப்'. அதை வெட்டித் தரும்படி கேட்டோம். எல்லோருக்கும் இந்தப் பத்திரம்தான், வெட்ட முடியாது என்று ஏஜென்சி சொன்னது. அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னதை நான் மதிக்கிறேன். பையன் யோசித்துவிட்டு, "தெரிஞ்சு போறன் அங்கிள்" என்று கையெழுத்துப் போட்டான். நான் இரண்டு இலட்சம் கொடுத்தேன். எஞ்சினை எழுதி வாங்கவில்லை. வெளியே போய் மோட்டார் சைக்கிளில் இருந்தவரைத் தேநீர் குடிக்க வரச் சொன்னேன். வந்தார்.

கொப்பியில் இதுவரை ஒரு இலட்சத்து நாற்பதாயிரம் இறங்கியிருக்கிறது. போன மாதம் தம்மாமிலிருந்து பையன் வட்ஸ்அப்பில் எடுத்தான். வாகனம் கராஜில் என்று மூன்று வாரமாகக் களஞ்சியத்தில் பெட்டி ஏற்ற விட்டிருக்கிறார்களாம்.

"அங்கிள், அந்த எனி அதர் ஜொப் வந்திட்டு" என்றான்.

"சம்பளம்?"

"அது முதலாம் திகதியே போட்டாங்க. கம்பனி பேர்லதான் வந்திருக்கு."